கத்தரிக்காய் நிறத்தின் செய்முறை

அன்புள்ள செல்வா,

நீ தபால் கந்தோரில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இதற்குள் எத்தனை ஆயிரம் கடிதங்கள் உன் கை வழியாகப் போயிருக்கும். எல்லாம் யாரோ யாருக்கோ எழுதியவை. உன் அப்பாவிடமிருந்து உனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. இதோ ஒன்று வருகிறது. உறையில் இருக்கும் எழுத்தைப் பார்த்து எந்தப் பாடசாலைப் பிள்ளையோ எழுதியது என்று நினைத்துவிடாதே. விலாசமும் நான் எழுதியதுதான். முத்திரையை மட்டும் உன் அம்மா ஒட்டினாள். தனக்கும் ஒரு வேலை வேண்டும் என்று கேட்டாள், கொடுத்தேன்.

நாளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். ஒரு சொல்லை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசிய சொல் காற்றில் போய்விடும். இது போகவில்லை. காலையில் எழுந்து வந்து பார்த்தாலும் நேற்று வைத்த இடத்திலேயே இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் சந்தோஷத்தைச் சொல்வதற்கு மட்டும் இதை எழுதவில்லை. கடிதத்தோடு ஒரு பார்சலும் வந்திருக்கும். நீ கட்டிக்கொள்ளப்போகிற மலருக்கான கம்பளி நூல் அதில் இருக்கிறது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் வாசி. நீ பத்து வயதிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் பொய். அதைச் சொன்னவன் நான்.

மலர் எனக்கு எடுத்த முதல் போன் உனக்குத் தெரிந்திருக்கும். நீ பக்கத்தில் இருந்திருப்பாய் என்று நினைக்கிறேன், பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"மாமா, அவருக்கு சின்ன வயசுல ஒரு கலர் செஞ்சு குடுத்தீங்களாமே. உலகத்துல வேற யாருக்கும் இல்லாத கலராம்."

"யாரும்மா சொன்னா?"

"அவருதான். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாரு. எனக்கும் அதே கலர்ல நூல் வேணும் மாமா. நானே பின்னிக்கிறேன். கல்யாணம் முடிஞ்சு புசல்லாவையிலயிருந்து நுவரெலியாவுக்குப் போறப்போ அதைத்தான் போட்டுக்கிட்டுப் போவேன்."

"அதுக்கென்னம்மா, செஞ்சாப் போச்சு" என்றேன். போனை வைத்த பிறகுதான் உட்காரக் கதிரையைத் தேடினேன். அந்த நிறத்தை எப்படிச் செய்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. எழுதியும் வைத்ததில்லை. எழுதி வைக்க எனக்கு அப்போது தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், அதை நான் செய்யவே இல்லை. அது தானாக வந்தது. மலர் கடைச் சுவெட்டரோடு உன் வீட்டு வாசலில் வந்து இறங்கினால், நீ இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன கதை என்ன ஆகும் என்று யோசித்தேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வரைக்கும் எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும், தராசு பார்ப்பேன், கடிகாரம் பார்ப்பேன், சூட்டுமானி பார்ப்பேன். எழுத்துத்தான் இல்லை. நீ பாடசாலையிலிருந்து றிப்போர்ட் கொண்டுவந்து நீட்டும்போதெல்லாம் "அம்மாக்கிட்ட குடு, எனக்குக் கண்ணு தெரியல" என்பேன். நீ அதை நம்பி, முதல் சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாய். அதைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்து உன் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "இப்ப நல்லாத் தெரியுதாப்பா?" என்று கேட்டாய். ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் எறும்பு மாதிரித் தனித்தனியாகத் தெரிந்தது. ஒன்றும் விளங்கவில்லை. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இப்போது இதை எழுதுகிறேன். கண்ணாடி நல்ல கண்ணாடி.

அம்பிட்டிய சாயப்பட்டறையில் நான் இருந்த முப்பத்தொரு வருடமும் அங்கே யாருக்கும் இது தெரியாது என்று நினைத்திருந்தேன். வேலை கேட்டுப் போன அன்று பட்டறை முதலாளியம்மா, நோனா, எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். எட்டு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதிலிருந்து இறங்க வழியில்லை. அங்கே வெளிநாட்டிலிருந்து வெள்ளையாகக் கம்பளி நூலும் சுவெட்டரும் வரும், நாங்கள் சாயம் ஏற்றி அனுப்புவோம். சாயப் பவுடர் நிறுத்துக் கலப்பது, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரியான ஜுனைதீன் நானா. தொட்டி என் பொறுப்பு. நானா காலையில் கொப்பியைத் திறந்து அன்றைய செய்முறையைச் சத்தமாக வாசிப்பார். சிவப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு, வினாகிரி இவ்வளவு. சத்தமாக வாசித்தால்தான் தனக்குப் பிழை வராது என்பார். நான் ஒரு தடவை கேட்டால் போதும், மனதில் நின்றுவிடும்.

அந்த வேலையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவை சொன்னால் கோபிக்கமாட்டாய். கம்பளி என்பது ஆட்டின் மயிர். நம் தலைமுடி மாதிரித்தான், மேலே மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, நன்றாக ஊறவைக்க வேண்டும். ஊறாத நூலில் சாயம் திட்டுத் திட்டாக உட்காரும். பிறகு இளஞ்சூட்டுச் சாயத் தண்ணீரில் இறக்கி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். சூடு ஏற ஏறச் செதில் விரியும், சாயம் உள்ளே போக வழி கிடைக்கும். வினாகிரி ஊற்றினால் நூலுக்குப் பசி வரும் என்பார் நானா. டோர்ச் பெட்டரியில் கூட்டல் அடையாளம், கழித்தல் அடையாளம் இருக்கிறதே, அது மாதிரி புளிப்புப் பட்ட கம்பளி ஒரு பக்கம், சாயம் மறு பக்கம், ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஒரேயடியாகப் புளிப்பை ஊற்றினால் அவசரப்பட்டு மேலே மட்டும் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு நேரம் வரும், அகப்பையில் தண்ணீரை அள்ளிப் பார்த்தால் குடிக்கிற தண்ணீர் மாதிரித் தெளிந்திருக்கும். அவ்வளவு சாயமும் நூலுக்குள் போயிருக்கும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது சலித்ததில்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். சூடாக இருக்கும் கம்பளியில் குளிர்ந்த பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். நூல் சுருங்கிவிடும். சுருங்கியதை யாராலும் விரிக்க முடியாது. மலரோடு உனக்குச் சண்டை வருகிற அன்று இதை நினைத்துக்கொள். சூடு அதுவாக ஆறட்டும்.

இப்போது உன் சுவெட்டருக்கு வருகிறேன். உனக்கு நுவரெலியாப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. விடுதிக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும், சுவெட்டர் என்ன நிறம் என்று கடிதம் வரும் என்று அதிபர் சொல்லியிருந்தார். டிசம்பர் விடுமுறை. மடுல்கெல்லயில் சித்திக்குப் பிரசவம் என்று அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சுவெட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் கடிதம் வந்தது. பிரித்தேன். எறும்புகள்.

யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். எட்டாம் வகுப்புப் படித்த ஆள் எப்படிக் கேட்பது? கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் திரிந்தேன். பிறகு ஒரு ஞாபகம் வந்தது. உன் நேர்முகப் பரீட்சையன்று பாடசாலை வாசலில் ஒரு பையன் மெரூன் நிறச் சுவெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான். அப்படியென்றால் மெரூன்தான். பட்டறையில் ஒரு வெள்ளைச் சுவெட்டர் வாங்கினேன், வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக. நல்ல மெரூன் ஏற்றினேன். திட்டில்லை, குறையில்லை. கொடியில் போட்டுவிட்டு நானே அதைச் சுற்றி வந்து பார்த்தேன்.

நீங்கள் இருவரும் திரும்பி வருவதற்கு முந்திய நாள், சனிக்கிழமை. என் சட்டை பட்டறை ஆணியில் தொங்குகிறது. ஜுனைதீன் நானா பையிலிருந்து கடிதத்தை எடுத்து, வழக்கம் போலச் சத்தமாக வாசிக்கிறார். "கம்பளிச் சுவெட்டர் ஒன்று, நிறம் கடும் நீலம்." வாசலில் இருந்த பையனும் உன்னைப் போல இடம் கேட்டு வந்தவனாகத்தான் இருந்திருப்பான்.

"தம்பி, நீலமுன்டு போட்டீக்கி. கொடியில தொங்குறது மெரூனாச்சே?"

"தெரியும் நானா. அது அடிக் கலர்."

"நீலத்துக்கு மெரூன் அடியா?"

"புது முறை."

"நல்ல முறைதான்" என்று சொல்லிவிட்டு அவர் மத்தியான லுஹர் தொழப் போய்விட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன். மெரூனுக்கு மேல் நீலம் ஏற்றினால் நீலம் வராது, அது எனக்குத் தெரியும். மெரூனை முதலில் கழற்ற வேண்டும். புளிப்பு சாயத்தைப் பிடித்து வைக்கும் என்றால் காரம் அதை விடுவிக்கும். பருத்திக்குப் போடுகிற சோடாத் தூளைச் சுடுதண்ணீரில் கொட்டினேன். மெரூன் குபுகுபுவென்று வெளியே வந்தது. வந்த வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு சுவெட்டரைத் தொட்டால் கை வழுக்குகிறது. காரத்தில் கம்பளி கரையும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பயத்தில் குழாயடியில் பிடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். என் கண் முன்னாலேயே சுருங்கியது, செல்வா. பாதி மெரூன் இன்னும் போகவில்லை. வந்தது வரட்டும் என்று வினாகிரியும் நீலமும் போட்டு ஏற்றினேன். வெளியே எடுத்தபோது அது நீலமும் இல்லை, மெரூனும் இல்லை. ஒரு கை மற்றதைவிட ஒரு விரல் கட்டை.

மறுநாள் அம்மா வந்ததும் கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். கடிதத்தை வாசித்தாள், சுவெட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விட்டாள். நீ சுவெட்டரைப் போட்டுக்கொண்டாய். இரண்டு அளவு பெரிதாக வாங்கியது உனக்கு அளவெடுத்தது போல இருந்தது. "என்ன கலர்ப்பா இது?" என்று கேட்டாய். அப்போதுதான் அந்தப் பொய் வந்தது. "உனக்காகவே செஞ்சது. உலகத்துல வேற யாருக்கும் கிடையாது." உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விடுதியில் நீ பட்டதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முதல் தடவை உன்னைப் பார்க்க வந்தபோது, மேல்மாடியிலிருந்து ஒரு கூட்டம் "டேய் கத்தரிக்கா, ஒங்கப்பா வந்திருக்காரு" என்று கூப்பிட்டது. நூறு நீலச் சுவெட்டருக்கு நடுவில் நீ ஒருவன் கத்தரிக்காயாக ஓடி வந்தாய். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் திரும்பிப் பார்த்து, "இவருதான்டா செஞ்சது" என்றாய். வோர்டன் மாற்றச் சொன்னாரா என்று கேட்டேன். "அப்பா எனக்காகவே செஞ்சதுன்னு சொன்னேன், சரி போட்டுக்கன்னுட்டாரு" என்றாய். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். மன்னித்துவிடு மகனே. பட்டப்பெயரை நீ சுமந்தாய். பெருமையை நான் வாங்கிக்கொண்டேன்.

எழுத்துக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்கிறேன். பட்டறையிலிருந்து நின்ற அடுத்த வாரம், அம்மா ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து கீரைச் சுளகுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப ஒங்களுக்கு வேலையும் இல்ல, வெக்கப்படுறதுக்கு ஆளும் இல்ல. ஒக்காருங்க."

"என்னத்துக்கு?"

"கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாள், கண்டி பஸ் ஸ்டாண்டுல கக்கூசுக்கு முன்னால நின்னீங்களே, உள்ள இருந்து ஒரு ஆம்பள வெளிய வர்ற வரைக்கும். அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். முப்பத்தஞ்சு வருசமாப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

உன் அம்மா நல்ல வாத்தியார் இல்லை. பொறுமை கிடையாது. பிழை விட்டால் கீரைக் காம்பால் கையில் அடிப்பாள். ஆனால் ஒரு நாள், நான் கொஞ்சம் கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிறகு, அலுமாரியைத் திறந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதை வாசிங்க." வாசித்தேன். கம்பளிச் சுவெட்டர் ஒன்று. நிறம், கடும் நீலம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

மலர் உன் பழைய சுவெட்டரில் ஒரு துண்டு வெட்டி அனுப்பியிருந்தாள். அதை வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நோனாவின் மகள்தான் இப்போது நடத்துகிறார், ஞாயிற்றுக்கிழமை சின்னத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சிவப்பையும் நீலத்தையும் கலந்து ஏற்றினேன். காய்ந்ததும் அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பீட்ரூட்" என்றாள். அடுத்த வாரம் நீலத்தைக் கூட்டினேன். "இது மை" என்றாள். மலர் பின்னி முடிக்க நாள் வேண்டும், கல்யாணம் வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் ஜுனைதீன் நானாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மடிப்புக்குள்ள செகப்பு தெரியுது பாருங்கோ. ரெண்டையும் ஒண்டாப் போட்டா இது வராது. அன்டைக்கு என்ன செஞ்சீங்க தம்பி? புது முறையைக் கொஞ்சம் செல்லுங்கோ."

அம்மாவையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வாசிக்கத் தெரியாதது, வாசலில் பார்த்த பையன், சோடா, குழாயடி, எட்டாம் வகுப்பு. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானா பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"எட்டாம் வகுப்பு இல்லையென்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். அடுத்தவன்ட பொக்கெட்ல கை போடுறவனா நான்? நாலு நாளா அந்தக் காயிதத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டு ஈந்தீங்க. வேற எப்பிடி ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டுற?"

"அப்ப காலையில கொப்பி வாசிச்சது?"

"எனக்குக் கண்ணால வாசிச்சாப் போதும் தம்பி. தொண்ட வத்துனது ஒங்களுக்காக."

முப்பத்தொரு வருடம், செல்வா. ஒவ்வொரு காலையும். அம்மாதான் "இன்னொரு பிளேன்டீ போடவா நானா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பட்டறைக்குப் போனோம். முதலில் நல்ல மெரூன் ஏற்றினோம். பிறகு சோடா இல்லாமல், இளஞ்சூட்டுத் தண்ணீரில் அமோனியாவைக் கரண்டியால் அளந்து விட்டு, சாயத்தை மெதுவாகக் கழற்றினோம். பாதி போனதும் எடுத்து, அதே சூட்டுத் தண்ணீரில் அலசினோம். நூலின் மேலே இருந்த சிவப்புப் போய்விட்டது, உள்ளே இருந்தது தங்கிவிட்டது. அதற்கு மேல் வினாகிரியும் நீலமும். தண்ணீர் தெளிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று பேரும் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம், தொட்டி அதுவாக ஆறும் வரைக்கும். காய்ந்த நூலை அம்மா துண்டோடு சேர்த்துப் பிடித்தாள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "கத்தரிக்காய்" என்றாள்.

ஆகவே அன்று நான் உன்னிடம் சொன்னது பொய். ஆனால் இந்தப் பார்சலில் இருப்பது மலருக்காகவே செய்தது. உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. இந்தத் தடவை அதைத் தெரிந்து சொல்கிறேன். உனக்குத் தெரியாத விஷயம் எதுவாக இருந்தாலும் அவளிடம் முதல் வாரமே சொல்லிவிடு. அவளுக்கு எப்படியும் தெரிந்திருக்கும், வீணாகக் காத்திருக்க வைக்காதே.

நூல் கட்டுக்கு நடுவில் ஒரு தாள் இருக்கும். செய்முறை, என் கையெழுத்தில். அன்று பட்டறையில் நானா தராசுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்டைக்கு நீங்க வாசிங்க தம்பி, நான் நிறுக்கிறேன்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தேன். முதல் வரி, "முதலில் தவறான நிறத்தை நன்றாக ஏற்றவும்." அந்தத் தாளை மலரிடம் கொடுத்துவிட்டு நீ எழுந்து போய்விடாதே. அவள் கையில் ஊசி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

உன் அப்பா